மாட்டை மாற்றுவதா, தொழுத்தை மாற்றுவதா?

குமரி மாவட்டத்தில் கறவை மாடு வைத்திருப்பவர்கள் ஆன்டிபயாடிக் ஊசிக்குக் காசு கொடுக்கும் காரணங்களில் முதலிடம் மடிநோய்க்கு. அடுத்தது, ஈன்ற பிறகு நஞ்சுக்கொடி விழாமல் கர்ப்பப்பையில் சீழ் வைப்பது. பிறகு குளம்புப் புண், உண்ணி கடித்து வரும் காய்ச்சல், கன்றுக்குட்டிக் கழிச்சல். இவற்றைக் கட்டுக்குள் வைத்துவிட்டால் ஊசியின் தேவை பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதை எப்படிச் செய்வது என்பதில்தான் ஆளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள். கலப்பினத்தை விற்றுவிட்டு நாட்டு மாடு வாங்கச் சொல்கிறார் ஒருவர். கற்றாழையும் மஞ்சளும் வீட்டில் இருக்க ஊசி எதற்கு என்கிறார் இன்னொருவர். டாக்டர் கூப்பிடும் தூரத்தில் இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று விட்டுவிடுபவர்களே அதிகம்.

இந்த வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பால் சங்கத்துக்கு ஊற்றி அந்த வருமானத்தில் வாழும் வீடு, இருக்கிற மாட்டை விற்க வேண்டியதில்லை. தொழுத்தின், அதாவது மாட்டுக் கொட்டகையின், தரையையும் கறக்கும் முறையையும் மாற்றினால் போதும். வீட்டுத் தேவைக்கு மட்டும் பால் வேண்டும் என்பவர்களுக்குக் குட்டை நாட்டு மாடு நல்ல தேர்வு. ஆன்டிபயாடிக்கைத் தொடவே மாட்டேன் என்று சபதம் எடுப்பதை மட்டும் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் எளிமையானது: கடும் மடிநோய் வந்த மாடு ஒரே நாளில் செத்துப்போகவும் கூடும். அந்த நேரத்தில் மருந்தை மறுப்பது மாட்டுக்குச் செய்யும் கொடுமை. அதனால் அந்த வழியை இங்கேயே விட்டுவிட்டு மற்ற மூன்றையும் பார்ப்போம்: இப்போது நடக்கும் வழி, மாட்டை வைத்துக்கொண்டு பராமரிப்பை மாற்றும் வழி, மாட்டையே மாற்றும் வழி.

ஊசியைக் குறைக்க வேண்டியது ஏன்?

மருந்து ஏறிய மாட்டின் பாலில் சில நாட்களுக்கு அந்த மருந்து கசியும். வீட்டில் காய்ச்சுவதால் அது பெரும்பாலும் அழிவதில்லை. உறை ஊற்றிய பால் காரணமில்லாமல் தயிராகாமல் நின்றால், உறையில் இருக்கும் நல்ல பாக்டீரியாவை அந்த மருந்து தடுத்திருக்கவும் கூடும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018ஆம் ஆண்டு நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 77 மாதிரிகளில் ஆன்டிபயாடிக் எச்சம் வரம்பைத் தாண்டியிருந்தது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் கவலை எச்சத்தோடு முடிவதில்லை. மாட்டின் உடலில், சாணத்தில், தொழுத்துத் தரையில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதுதான் பெரிய ஆபத்து. செஃப்ட்ரையாக்சோன் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் நிமோனியாவுக்கும் ரத்தத்தில் பரவிய தொற்றுக்கும் மனிதர்களுக்கு ஏற்றுவது அது. நம் ஊரில் மாட்டு மடிநோய்க்கும் அதே மருந்துதான் போகிறது. அது நம் பிள்ளைகளுக்கு ஒருநாள் பலிக்காமல் போய்விடக் கூடாது என்பதே என் அக்கறை.

அடுத்த வீடான கேரளம், ஆன்டிபயாடிக்குக்குக் கிருமிகள் அடங்காமல் போவதைத் தடுக்கவென்றே 2018இல் தனிச் செயல்திட்டம் வகுத்தது. அதற்கடுத்த ஆண்டு இந்திய அரசு கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்கத் தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி முதல், நோய் வராமல் தடுக்கவென்று எல்லா மாட்டுக்கும் மொத்தமாக ஆன்டிபயாடிக் கொடுக்க முடியாது. நெதர்லாந்தில் 2009ஆம் ஆண்டுக்குப் பிறகு கால்நடைகளுக்கு விற்கும் ஆன்டிபயாடிக்கின் அளவு பாதிக்கும் கீழே இறங்கியது. அங்கே பால் பண்ணைகள் மூடிவிடவில்லை. குறைக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இப்போது நடக்கும் வழி

ஜெர்சிக் கலப்போ ஹோல்ஸ்டீன் கலப்போ ஒன்றிரண்டு மாடுகள். ஆண்டு முழுவதும் தொழுத்தில் கட்டித் தீவனம். நோய் வந்தால் ஊசி. இதில் நன்மை இல்லை என்று சொல்ல முடியாது. நல்ல பராமரிப்பில் நாளுக்குப் பத்து லிட்டர் கறக்கும் மாடு ஒரு குடும்பத்தின் மாதச் செலவைத் தாங்குகிறது. டாக்டர் சரியான நேரத்தில் வந்து சரியான மருந்தைச் சரியான அளவில் போட்டால் மடியும் காப்பாற்றப்படுகிறது.

சிக்கல் அந்த ‘சரியான’ என்ற சொல்லில்தான். பால் வெள்ளையாகத் தெரிந்ததும் மூன்றாம் நாளே ஊசியை நிறுத்திவிடுவது பரவலான வழக்கம். சினை ஊசி போட வருபவரிடமே மடிக்கும் ஒன்று போடச் சொல்வதும் உண்டு. எந்தக் கிருமி என்று தெரியாமலே வலுவான மருந்தில் தொடங்குவது இன்னொன்று. ஸ்டாஃபிலோகாக்கஸ் வகைக் கிருமி மடித் திசுவுக்குள் பதுங்கிக்கொள்ளும். ஊசி போட்டபோது அடங்கி, அடுத்த ஈற்றில் மறுபடியும் தலைகாட்டும். அதற்குள் ஒரு காம்பு அடைந்துபோயிருக்கும். அந்த மாட்டை விற்கப் போனால் பாதி விலைகூடக் கிடைக்காது.

செலவைக் கணக்குப் போடும்போது ஊசியின் விலையை மட்டும் எழுதுகிறார்கள். பத்து லிட்டர் மாட்டுக்கு, லிட்டர் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊசி போடும் நாளும் அதன் பிறகு பாலை ஒதுக்க வேண்டிய நாளும் சேர்த்து ஒரு வாரம் என்றால் 2,800 ரூபாய்ப் பால் கீழே போக வேண்டும். எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பது மருந்துக் குப்பியின் அட்டையிலேயே இருக்கும். அந்தப் பாலைக் கொட்ட மனம் வராமல் சங்கத்துக் கேனிலோ அக்கம்பக்கத்து வீட்டுக்கோ ஊற்றும்போதுதான் மருந்து மற்றவர் குழந்தையின் டம்ளருக்குப் போகிறது. ஏழ்மையில் கொட்ட மனம் வராததைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்த நிலை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வருவதைத் தடுக்க முடியும்.

மாடு அதே, பராமரிப்பு வேறு

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை தொழுத்துத் தரை முழுதாகக் காய்வதே அரிது. மாடு ஒரு நாளில் பாதி நேரம் படுத்துக் கிடக்கும். படுக்கும்போது மடி தரையில் அழுந்தும். ஈரச் சாணத்தில் உள்ள கிருமிக்கு அதைவிட வசதியான வழி கிடையாது. மழைக்காலத்தில் மடிநோய் கூடுவதன் காரணத்தை மாட்டின் இனத்தில் தேடுவதற்கு முன் தரையில் தேட வேண்டும்.

சிமெண்ட் தரை போடுபவர்கள் சரிவைக் கவனிப்பதில்லை. நாற்பதுக்கு ஒன்று என்ற அளவில் சரிவு வேண்டும். மாடு நிற்கும் ஐந்தரை அடிக்கு, வாலிருக்கும் பக்கம் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல் தாழ்ந்திருந்தால் மூத்திரம் தானாக ஓடைக்குப் போய்விடும். மேலே ரப்பர் விரிப்பு போடுவது நல்லது. நம் மாவட்டத்தில் அது எளிதாகக் கிடைக்கிறது, குளம்புக்கும் முட்டிக்கும் மெத்தென்று இருக்கும். ஆனால் விரிப்பின் அடியில் மூத்திரம் தேங்கும். அதை அவ்வப்போது தூக்கிக் கழுவி, அடியைக் காயவிட வேண்டும். தூக்கவே முடியாதபடி ஒட்டிவைத்த விரிப்பு இருப்பதைவிட இல்லாமலிருப்பது மேல்.

மரத்தூளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரப்பர் மரம் அறுக்கும் மில்கள் பக்கத்திலேயே இருப்பதால் மரத்தூள் மலிவாகக் கிடைக்கிறது, படுக்கைக்குப் போடுகிறார்கள். உலர்ந்த மரத்தூள் பிரச்சினையில்லை. பச்சை மரத்தூள் ஈரமானால் கிளெப்சியெல்லா என்ற கிருமி அதில் கொழிக்கும். அது உண்டாக்கும் மடிநோய் கடுமையானது, மருந்துக்கும் எளிதில் இணங்காது. படுக்கைக்குத் தென்னை நார்க்கழிவோ உலர்ந்த மணலோ பயன்படுத்தலாம். நார்க்கழிவானாலும் தினமும் கிளறி, ஈரப் பகுதியை அள்ளி எறிந்து, சிறிது சுண்ணாம்புத் தூள் தூவ வேண்டும்.

அடுத்தது கறக்கும் கை. நம் பக்கத்தில் வீடு வீடாகப் போய்க் கறந்து கொடுக்கும் கறவைக்காரர்கள் உண்டு. நல்ல உழைப்பாளிகள், விடியும் முன்பே சைக்கிளிலோ பைக்கிலோ கிளம்பிவிடுவார்கள். ஆனால் ஒரு வீட்டு மாட்டின் மடியில் இருந்த கிருமி அதே கையோடு அடுத்த வீட்டுத் தொழுத்துக்குப் போகிறது. சோப்பும் ஒரு வாளித் தண்ணீரும் உலர்ந்த துணியும் வாசலில் வைத்துவிட்டு, ‘அண்ணே, கை கழுவிவிட்டுக் கறங்கள்’ என்று சொல்வதற்குத் தயங்கக் கூடாது. பெருவிரலை மடக்கி, அதன் கணுவில் காம்பை நசுக்கிக் கறப்பது காம்பின் உட்புறத்தைப் புண்ணாக்கும். முழுக் கையால் பிடித்துக் கறப்பதே நல்லது. நோயுள்ள மாடு வீட்டில் இருந்தால் அதைக் கடைசியில்தான் கறக்க வேண்டும்.

கறந்து முடித்ததும் காம்புகளைக் கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் அயோடின் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். கறந்த பிறகு காம்பின் துவாரம் மூட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் மாடு படுக்காமல் இருக்க வேண்டும். அதற்கு வழி எளிது: பசும்புல்லை அப்போது போடுங்கள். தின்றுகொண்டு நிற்கும். காசு செலவில்லாத இந்த ஒரு பழக்கத்தைத் தொடர்ந்து செய்யும் வீடுகளைப் பார்த்துத்தான் எனக்கு இந்த வழியில் நம்பிக்கை வந்தது.

நோய் கண்ணுக்குத் தெரியும் முன்பே கண்டுபிடிப்பது இந்த வழியின் உயிர். மடி வீங்காமல், பால் திரியாமல், உள்ளுக்குள் மட்டும் இருக்கும் மடிநோய்தான் எண்ணிக்கையில் அதிகம். பால் ஒன்றிரண்டு லிட்டர் குறையும், கொழுப்பு குறையும், தீவனத்தைச் சந்தேகிப்போம். ‘கலிஃபோர்னியா சோதனை’ என்று ஒரு கரைசல் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. ஒவ்வொரு காம்பின் பாலையும் குழிகளுள்ள தட்டில் தனித்தனியே எடுத்து, சம அளவு கரைசல் சேர்த்துச் சுழற்றினால் நோயுள்ள பால் கூழாகக் கட்டும். அது கிடைக்காவிட்டால் சலவைத்தூள் போதும்: 100 மில்லி தண்ணீருக்கு 3 கிராம் கரைத்து அதே முறையில் பார்க்கலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்ப்பவர், கூழாகும் காம்பை அன்றைக்கே பிடித்துவிடுவார். சோதித்த பாலைக் கீழே கொட்டிவிட வேண்டும்.

ஈனுவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது பாலை வற்றவிடுவோம். அந்த நேரத்தில் நான்கு காம்புக்கும் ஆன்டிபயாடிக் குழலை ஏற்றிவிடும் பழக்கம் பெரிய பண்ணைகளிலிருந்து நம்மிடம் வந்தது. அதே சோதனையை அன்று செய்து, கூழான காம்பு எது என்று டாக்டரிடம் காட்டினால், தேவைப்படும் காம்புக்கு மட்டும் மருந்து போகும். மடிநோய் திரும்பத் திரும்ப வரும் மாட்டின் பால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று பார்த்துப் போடச் சொல்லுங்கள். அவர் எரிச்சல்படமாட்டார், பெரும்பாலான கால்நடை மருத்துவர்கள் யாராவது இப்படிக் கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர்கள்.

இனி மூலிகை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி ஒழுங்குபடுத்திய மரபுவழி மருந்துகளைத் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகப் பரப்பியது. மடிநோய்க்கான கலவை இன்று பலருக்கும் தெரியும்: சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் சேர்த்து அரைத்தால் சிவந்த விழுது வரும். ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவி, இருக்கும் பாலை முழுவதும் கறந்துவிட்டு, மடி முழுக்கத் தடவ வேண்டும். நாளுக்கு எட்டு முதல் பத்து முறை, ஐந்து நாள். கூடவே தினமும் இரண்டு எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தின்னக் கொடுக்க வேண்டும்.

இந்த ‘எட்டு முதல் பத்து முறை’ என்பதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மூலிகை பலிக்கவில்லை என்று சொல்லும் வீடுகளில் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை தடவியிருப்பார்கள். முந்திரி ஆலைக்குக் காலையில் போய் மாலையில் திரும்பும் பெண்ணால் பத்து முறை எப்படித் தடவ முடியும்? கற்றாழை இலவசம்தான், அதைத் தடவும் கைக்கும் நேரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது, அந்த விலையைப் பெரும்பாலும் பெண்களே கொடுக்கிறார்கள். பகலில் வீட்டில் ஆள் இல்லையென்றால் மூலிகையை நம்பி டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள். ஆள் இருக்கும் வீட்டில், நோயின் தொடக்கத்தில், மாடு நன்றாகத் தீவனம் தின்றுகொண்டிருக்கும்போது, இது முதலில் செய்து பார்க்க வேண்டிய மருத்துவம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எல்லையும் தெளிவாக இருக்கட்டும். மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தால், தீவனத்தை ஒதுக்கினால், மடி கல்லாக இறுகினாலோ குளிர்ந்து நீலம் பாய்ந்தாலோ, பால் தண்ணீராகவோ ரத்தம் கலந்தோ வந்தால், அன்றைக்கே டாக்டர் வேண்டும். மூலிகை போட்டு ஒரு நாளில் தெளிவு தெரியாவிட்டாலும் அப்படித்தான். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். அப்போது போடும் ஆன்டிபயாடிக்கை டாக்டர் சொன்ன கடைசி நாள் வரை போட்டு முடியுங்கள்.

தீவனத்தில் இந்த மாவட்டத்துக்கே உரிய சிக்கல் இரண்டு. ரப்பர் வந்த பிறகு மேய்ச்சல் நிலமும் பசும்புல்லும் சுருங்கின. நாஞ்சில் நாட்டு வயல் குறைந்ததால் வைக்கோலும் வெளி மாவட்டத்திலிருந்து லாரியில் வருகிறது. அந்தக் குறையைக் கஞ்சியாலும் தவிட்டாலும் சோற்றாலும் நிரப்புகிறோம். பலாப்பழக் காலத்தில் சக்கையும் சுளையும் தாராளமாகப் போகும். மாவுச்சத்து மிகுந்தால் மாட்டின் வயிறு புளிக்கும், குளம்பு வலிக்கும், வலியால் மாடு அதிக நேரம் படுக்கும், மடி அதிக நேரம் ஈரத்தில் கிடக்கும். கஞ்சி வாளியில் தொடங்கியது மடிநோய் ஊசியில் வந்து முடியும். கலப்பின மாட்டுக்கு நாளுக்கு இருபது, இருபத்தைந்து கிலோ பசும்புல் வேண்டும். கம்பு நேப்பியர் ஒட்டுப் புல்லை, நன்றாக வெயில் விழும் பத்து சென்டில் நட்டு உரமும் தண்ணீரும் கொடுத்தால் ஒரு மாட்டின் தேவைக்கு ஈடுகட்டும். ரப்பர் நிழலில் அது எழும்பாது. தென்னந்தோப்பில் ஓரளவு வரும். வேலியில் சீமைக்கொன்றையும் அகத்தியும் வைத்தால் புரதத்துக்குப் பிண்ணாக்கைக் கொஞ்சம் குறைக்கலாம். தாது உப்புக் கலவை நாளுக்கு 50 கிராம். மடியின் எதிர்ப்பாற்றலுக்கு வேண்டிய துத்தநாகமும் தாமிரமும் அதிலிருந்துதான் வர வேண்டும்.

இரண்டாவது சிக்கல் பூஞ்சணம். மேலே சொன்ன 2018 ஆய்வில் ஆன்டிபயாடிக்கைவிட அதிகமாகப் பிடிபட்டது அஃப்லாடாக்சின் எம்1 என்ற பூஞ்சண நஞ்சு: 368 மாதிரிகள். தமிழ்நாட்டிலிருந்து எடுத்த 551 மாதிரிகளில் 88இல் அது வரம்பைத் தாண்டியிருந்தது. பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் இருந்து அது பாலுக்கு வருகிறது. மாட்டின் நோய் எதிர்ப்பையும் அது குறைக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில் பிண்ணாக்கு மூட்டையைத் தரையில் வைத்தால் சில வாரங்களில் வாசனை மாறும். பலகை மேல் வைத்து, சுவரிலிருந்து தள்ளி, மழைக்காலத்தில் சிறிது சிறிதாக வாங்குங்கள். வாசனை மாறியதை மாட்டுக்குப் போடாதீர்கள்.

கன்றுக்கு ஒரு வார்த்தை. நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் சீம்பால் கொடுக்க வேண்டும் என்று காத்திருக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். பிறந்து இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் வயிற்றுக்குள் போய்விட வேண்டும்; முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. கழிச்சலுக்கும் காய்ச்சலுக்கும் போடும் ஊசிகளில் பெரும்பகுதியை அது தடுக்கும். கன்று ஊட்டுவதால் நஞ்சுக்கொடியும் சீக்கிரம் விழும்.

உண்ணிக்குப் பூண்டு, வேப்பிலை, வசம்பு, மஞ்சள், உண்ணிச்செடி இலை, துளசி சேர்த்து அரைத்து வடிகட்டித் தெளிக்கலாம். மாட்டில் தெளித்தால் மட்டும் போதாது, தொழுத்துச் சுவரின் விரிசல்களிலும் தெளிக்க வேண்டும். முட்டை அங்கேதான் இருக்கிறது.

இந்த வழிக்கு ஆகும் பணச்செலவு தரை திருத்துவதும் விரிப்பும் அயோடினும்தான். உழைப்பு தினசரி அரை மணி முதல் ஒரு மணி நேரம் கூடும். பால் குறையாது, பெரும்பாலும் கூடும்.

மாட்டை மாற்றும் வழி

குமரி முன்பு திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்த மண். வைக்கம் பக்கத்து வெச்சூர் பசுவும் நம் பழைய குட்டை மாடுகளும் ஒரே மழையில் வளர்ந்தவை. கலப்பினம் பெருகியபோது வெச்சூர் அழியும் நிலைக்குப் போனது. திருச்சூருக்கு அருகே மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் 1980களின் இறுதியில் அதைத் தேடிச் சேர்த்து மீட்டார்கள்; அவருக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மூன்றடி உயரம், சுமார் 130 கிலோ எடை, நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் பால். மழையையும் புழுக்கத்தையும் தாங்கும், உண்ணி அதிகம் ஏறாது, சமையற்கட்டுக் கழிவும் தோப்புப் புல்லும் போதும். மடி சிறியது, தரையில் இழுபடாது, பால் சுரப்பின் அழுத்தம் குறைவு. இதனால் மடிநோய் அரிதாகவே வருகிறது.

எனக்கு இந்த மாட்டின் மீது பாசம் உண்டு. அதனால்தான் அதை வைத்துக் கனவு விற்பதைப் பார்த்தால் கோபம் வருகிறது. இரண்டரை லிட்டர் கறக்கும் மாட்டை நம்பிச் சங்கத்துக்குப் பால் ஊற்ற முடியாது. பத்து லிட்டர் மாட்டுக்கு ஈடாக நான்கு குட்டை மாடு வைத்தால் கட்டும் இடமும் வேலையும் நான்கு மடங்கு. நாட்டு மாட்டுப் பாலுக்கு லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் கிடைக்கும் என்று சொல்லி அதிக விலைக்குக் கன்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த விலைக்கு நிரந்தரமாக வாங்கும் ஆள் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கையில் இருந்தால் இறங்குங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். வீட்டில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் பால், தோட்டத்துக்குச் சாணம் என்ற கணக்கில் வாங்குபவர்களுக்கு இதைவிட நல்ல மாடு இல்லை.

நடுவிலும் ஒரு வழி இருக்கிறது. இருக்கும் கலப்பினப் பசுவுக்குச் சினை ஊசி போடும்போது ஹோல்ஸ்டீன் ரத்தத்தை மேலும் மேலும் ஏற்றாமல், ஜெர்சிக் கலப்போடு நிறுத்திக்கொள்வது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் காற்றில் வியர்வை ஆறாது. பெரிய உடம்புள்ள ஹோல்ஸ்டீன் கலப்பு மூச்சிரைத்தே களைத்துவிடும், களைத்த மாட்டுக்கு நோய் எளிதில் வரும். ஜெர்சிக் கலப்பில் லிட்டர் ஒன்றிரண்டு குறைந்தாலும் கொழுப்பு கூடுதல், சங்கத்தில் கொழுப்பு பார்த்தே விலை போடுகிறார்கள். இந்த மாற்றத்துக்கு மாட்டை விற்க வேண்டாம், ஒரு தலைமுறை பொறுத்தால் போதும்.

எந்த வீட்டுக்கு எது?

ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் குடும்பத்தைப் பாருங்கள். விடியற்காலையில் தோட்டத்துக்குப் போய் முற்பகலில் வீடு திரும்புகிறார்கள். மாடு ஒன்று, பால் விற்பனைக்கு. இவர்களுக்குத் தரை, அயோடின், பதினைந்து நாள் சோதனை ஆகியவை கட்டாயம். பிற்பகலில் ஆள் இருப்பதால் மூலிகையும் முயலலாம். இருவரும் முழு நாள் வெளியே போகும் வீட்டில் மூலிகையை விட்டுவிட்டு, தடுப்பதிலும் சீக்கிரம் டாக்டரை அழைப்பதிலும் கவனம் வைக்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் ஹோல்ஸ்டீன் கலப்பு இருக்கவே கூடாது என்பது என் கருத்து.

அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கம் தென்னந்தோப்போ வயலோ உள்ளவர்களுக்குப் புல்லும் வைக்கோலும் கைவசம். அவர்கள் இரண்டு ஜெர்சிக் கலப்பு வைத்து, பகலில் சில மணி நேரம் தோப்பில் அவிழ்த்துக் கட்டினாலே குளம்பும் மடியும் பாதி நன்றாகிவிடும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரியவர்கள் இருவர் மட்டும் உள்ள வீட்டில் பத்து லிட்டர் மாடு உடம்பை ஒடிக்கும் வேலை, வெச்சூர் அவர்களுக்கானது. ஐந்து மாடுகளுக்கு மேல் வைத்துத் தொழிலாகச் செய்பவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கூடுதலாகத் தேவை: எந்த மாடு, எந்தக் காம்பு, எந்த மருந்து, எந்தத் தேதி வரை பாலை ஒதுக்குவது. மூன்று முறைக்கு மேல் ஒரே காம்பில் நோய் திரும்பும் மாடு, மற்ற மாடுகளுக்கு நோய் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதைக் கறவையிலிருந்து விலக்குவது மனதுக்குக் கஷ்டம், ஆனால் வேறு வழியில்லை.

தடுப்பூசியை எந்த வழியிலும் விடக் கூடாது. ‘இயற்கை முறை’ என்று கோமாரித் தடுப்பூசியை மறுப்பவர்களைப் பார்க்கிறேன். கோமாரி வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. ஆனால் கோமாரி வந்த மாட்டின் வாய்ப்புண்ணிலும் குளம்புப் புண்ணிலும் சீழ் வைப்பதால் ஊசி மேல் ஊசி ஏறும். அரசு அதை இலவசமாகவே போடுகிறது. நான்கு முதல் எட்டு மாதப் பெண் கன்றுக்குக் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசியும் அப்படித்தான்.

புதிதாக மாடு வாங்கப் போகிறவர்கள் எந்த இனமானாலும் இதைச் செய்யுங்கள். காலையில் கறக்கும் நேரத்தில் போங்கள். நான்கு காம்பையும் நீங்களே கறந்து, சோதனைக் கரைசலைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே பாருங்கள். கூழாகும் காம்பு ஒன்று இருந்தாலும் அந்த மாடு வேண்டாம். மடி பின்னங்கால் முட்டிக்கு மேலே நிற்கிறதா, நான்கு காம்பும் ஒரே அளவா, குளம்பு நேராக ஊன்றுகிறதா என்று பாருங்கள். கடைசியாக எப்போது என்ன ஊசி போட்டார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் இரண்டு வாரம் பழைய மாடுகளோடு சேர்க்காமல் தனியே கட்டி, கடைசியில் கறங்கள். வாங்குவதை மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரிக்கு வைத்துக்கொண்டால், புது இடத்துக்குப் பழகும் அந்த வாரங்களில் தரையாவது காய்ந்திருக்கும்.